நாந்தி விமான நிலையத்தில் ஓர் அரசவை

ஃபிஜியின் தலைநகரான சுவாவில் இயங்கும் இளங்கலைஞர் குழு ஒன்று சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. எவரிடமும் ஊழியம் செய்யாமல் ஒரு கலையை வாழ்நாள் முழுவதும் நடத்திச் செல்வது எப்படி என்பது குறித்து அவர்களுடைய பயிலரங்கில் நான் ஒரு மணி நேரம் உரையாற்ற வேண்டும் என்பது வேண்டுகோள். கடிதத்துடன் ஒரு படிவம் இருந்தது. என் கலைப்பணியின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் யாது என்று அதில் ஒரு கேள்வி. விடைக்கு இரண்டு வரி இடம். எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. என் நாடகக் குழுவில் கடைசியாக எஞ்சியிருந்த உறுப்பினர் என் மனைவி கோமதி. அவள் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு வரி தாராளமாகப் போதும்.

பயிலரங்கு நடக்கும் வாரத்தில் நான் இந்நாட்டில் இருக்க மாட்டேன் என்று மறுமொழி எழுதினேன். அப்படியானால் அனுபவங்களை எழுத்திலாவது தாருங்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அனுப்பிவைத்தேன்; ஒழுக்கம், விடாமுயற்சி, சமூகப் பங்களிப்பு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன. தமிழில் எழுதும் இக்கட்டுரை வேறு. இதை அவர்களில் ஒருவராலும் படிக்க இயலாது. ஆகவே உண்மையைச் சொல்லத் தடையில்லை.

நான் பிறந்தது மாயவரத்துக்கு அருகில். கல்லூரியில் கணிதம் பயின்று, பின்னர் மனம் மாறி, சென்னையில் நாடக இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றேன். அந்தப் பட்டத்துக்கு வேலை தர எவரும் அவசரப்படவில்லை. கைவிட்ட கணிதத்தின் தயவில், ஃபிஜியில் லவுத்தோக்கா நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு ஆசிரியனாக வந்தேன். கோமதிக்கும் அங்கேயே ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. ஆறாம் ஆண்டில் வேலையை விட்டுவிட்டுத் தமிழ் நாடகக் குழுவைத் தொடங்கினேன். கோமதி வேலையை விடவில்லை. சுதந்திரக் கலைஞன் என்று இத்தனை காலம் என்னைக் குறிப்பிட்டார்கள். தான் யாரைச் சார்ந்திருக்கிறான் என்பதை வெளியே சொல்லாதவனுக்கே அப்பெயர் வழங்கப்படுகிறது என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

இங்குள்ள தமிழர்களின் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டு மொழி ஃபிஜி இந்தி ஆகிவிட்டது. முருகனிடம் மட்டும் தமிழில் பேசுவார்கள். வேறு எவரிடமும் அம்மொழியில் பேசவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேர்வதில்லை. இவர்களைக் கொண்டு தமிழ் நாடகம் நடத்த முடிவு செய்தேன். பார்க்க வருவோருக்கும் தமிழ் தெரியாது என்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை. மேடைக்கும் கூடத்துக்கும் இடையே அத்தகைய சமத்துவத்தை வேறெந்த நாட்டிலும் நான் கண்டதில்லை.

நடிகர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாததால் நாடகப் பிரதி பயன்படவில்லை. கோமதி ஒரு வழி கண்டாள். ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தையும் தானே பேசி, தனித்தனி ஒலிநாடாவில் பதிவு செய்து, மேலே பெயர் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமைக் காலைகளில் சமையலறை மேசைமீது டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு பேசுவாள். பக்கத்தில் அடுப்பு வேலையும் நடக்கும். ஆகவே எங்கள் நாடகங்களின் மூலத்தில் குக்கர் விசிலும், மைனாக்களின் சண்டையும், ஆலைக்குக் கரும்பு இழுத்துச் செல்லும் ரயிலின் ஊதலும் உண்டு. நடிகர்கள் அந்நாடாக்களைத் தையற்கடையிலும் டிராக்டரிலும் ஓடவிட்டு மனப்பாடம் செய்தார்கள். அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்கள். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள். விளைவாக, என் மேடையில் அரசனும் அமைச்சனும் கொலையாளியும் மாயவரத்துப் பெண்மணி ஒருத்தியின் ஏற்ற இறக்கங்களுடன் பேசினார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த அர்ச்சுனனுக்கு எப்போதும் கொலையாளி வேடம். ஆறடி உயரம் அதற்குக் காரணம். ஒரு நாடகத்தில் அவன் கோடரியை உயர்த்தி, "உன் தலை இந்த மண்ணில் உருளும், நினைவிருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். கோமதிக்கு மிரட்டத் தெரியாது. சாப்பிடாமல் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையிடம் பேசும் குரலில் அதைப் பதிவு செய்துவிட்டாள். அர்ச்சுனனும் அதே பரிவோடு சொன்னான். திருத்துவதற்கு ஓராண்டு முயன்றேன். இந்நாட்டில் ராணுவத்தின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வாரத்தில் அதைப் பற்றிக் கோமதியிடம் கடிந்து பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மிரட்டுறவன் எல்லாம் கத்திக்கிட்டா மிரட்டுறான்? நேத்து ரேடியோவுல பேசினவரு எவ்வளவு மெதுவாப் பேசினாரு, கேட்டீங்கல்ல?"

அர்ச்சுனனை அதன்பின் நான் திருத்தவில்லை.

சுதந்திரக் கலைஞனுக்கு மேலதிகாரி கிடையாது என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். எனக்கு இருந்தார். கவிழ்ப்பைத் தொடர்ந்து வந்த ஒழுங்குமுறைகளின்படி, பலர் கூடும் நிகழ்ச்சி எதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். நாடகமானால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். அவற்றைப் படித்து ஒப்புதல் அளிக்கும் பொறுப்பு இன்ஸ்பெக்டர் ஜோனேயிடம் இருந்தது. அவர் இந்நாட்டின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஞாயிறுதோறும் தம் தேவாலயத்தில் கனத்த குரலில் பாடுபவர்; எங்கள் பகுதியில் வளர்ந்ததால் இந்தி நன்கு பேசுவார்.

அவர் பிரதி படிக்கும் முறையை நான் பலமுறை எதிரில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் தொப்பியைக் கழற்றி மேசைமீது மல்லாக்க வைப்பார். மூக்குக்கண்ணாடியின் உறையை அதற்குள் வைப்பார். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலை இரு பக்கமும் சீவுவார். சிவப்பு நீக்கலுக்கு, நீலம் ஐயத்துக்கு. பின்னர் உதடுகள் அசைய, முதல் பக்கத்தின் பாத்திரப் பட்டியலிலிருந்து ஒரு சொல் விடாமல் வாசிப்பார். அவர் சிரித்து நான் கண்டதில்லை. நகைச்சுவை வரும் இடத்தில் ஓரத்தில் சிறிய சரிக்குறி ஒன்று இடுவார். புரிந்தது என்பது அதன் பொருள். சென்னையில் என் ஆய்வேட்டை மதிப்பிட்ட மூவரும் சேர்ந்துகூட அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை.

ஒருமுறை அரசவைக் காட்சி ஒன்றின்மேல் நீல முனை நின்றது. மேடையில் ஐந்து பேர் கூடுகிறார்களே, இது கூட்டமாகாதா என்று கேட்டார். அது அரசரின் சபை என்றேன்.

"அரசர் அனுமதி வாங்கியிருக்கிறாரா?"

"அவர் அரசர். அவருக்கு எதற்கு அனுமதி?"

இன்ஸ்பெக்டர் சற்று யோசித்தார். "இங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்கள், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு நீலக் குறியை அழித்தார்.

பார்வையாளர்கள் கூடுவதைப் பற்றி அவர் கவலை தெரிவித்ததே இல்லை. முந்தைய நாடகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது அவர் கோப்பில் இருந்தது. ஒத்திகைகளிலும் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார்; ஒவ்வொரு நாடகத்தன்றும் சீருடையில் வந்து அங்கேயே அமர்வார். முடிந்ததும் என்னிடம் வந்து, "முடிந்ததா, மாஸ்டர்?" என்று முறைப்படி கேட்பார். ஆம் என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே 'கூட்டம் அமைதியாகக் கலைந்தது' என்று சேர்ப்பார். எங்கள் நாடகங்களுக்கு வெளிவந்த ஒரே விமரிசனம் அதுதான்.

முதல் மூன்றாண்டுகள் அவரை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒற்றன் ஒருவனுடைய வசனம் முழுவதையும் அவர் சிவப்பால் அடித்தபோது, கலைஞனின் உரிமை குறித்து மூன்று பக்கத்தில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதையும் சரிக்குறியிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, ஒற்றனாக நடிக்கவிருந்தவர் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். அடுத்த நாடகத்தில் புரோகிதரின் வசனங்கள் அடிபட்டன. புரோகிதர் வான்கூவர் போனார். மூன்றாவதாகத் தூதுவன் அடிபட்டபோதுதான் எனக்கு விளங்கியது. வெளிநாட்டில் குடியேற விண்ணப்பிப்போருக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் தேவை. அதில் கையெழுத்திடுபவரும் இன்ஸ்பெக்டர் ஜோனேதான். யார் விண்ணப்பித்தார்கள் என்பதை அவர் வெளியிடக் கூடாது. வசனத்தை வெட்டுவதற்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை.

நேரில் கேட்டேன். அவர் மல்லாந்திருந்த தொப்பிக்குள் பார்த்தபடி, தாம் நாடகத்தை மட்டுமே படிப்பதாகச் சொன்னார். அன்றுமுதல் சிவப்புக் கோட்டைக் கண்டால் ஆட்சேபம் எழுதாமல் வேறு நடிகரைத் தேடலானேன்.

இவ்வளவு சுற்றுவழி ஏன் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். கவிழ்ப்புக்குப் பின் எங்கள் மக்களில் பாதிப்பேர் புறப்படும் எண்ணத்தில் இருந்தார்கள். ஆனால் விமானச் சீட்டு கைக்கு வரும்வரை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்பட்டு விசா நின்றுவிடும் என்பது நம்பிக்கை. என் நடிகர்கள் போகப்போவதை, அவர்கள் திடீரென்று பல் வைத்தியரிடம் போவதிலிருந்துதான் ஊகிக்க முடிந்தது. வெளிநாட்டில் பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவைப் பற்றி அவர்களுக்கெல்லாம் உறவினர்கள் எழுதியிருந்தார்கள். குடியேற்றப் படிவங்களை, யாருடையவை என்று என்னிடம் சொல்லாமல், நிரப்பிக் கொடுத்தவள் கோமதி. சமையலறையில் அதே மேசை. ஒரு நாற்காலியில் அவர்களுக்குத் தமிழ் வசனம் பதிவு செய்வாள். மறுவாரம் அதே நாற்காலியிலிருந்து அவர்களை அனுப்பி வைப்பாள். கேட்டு வந்தவனை இல்லை என்று எப்படி அனுப்புவது என்றாள். அவள் நிரப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அண்மையில் என்னுடையதை நானே நிரப்பினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் மகள் மீரா பிரிஸ்பேனில் மணமாகிக் குடியேறியிருந்தாள். எங்களை அழைத்துக்கொள்ள அவள் எடுத்த முயற்சி பலித்து, ஒரு நாள் பெரிய பழுப்பு உறை ஒன்று வந்தது. கோமதி அதை மேசைமீது வைத்துவிட்டு என் எதிரில் அமர்ந்தாள். நான் பேசினேன். பதினைந்து ஆண்டுகளில் தொடங்கிய நடிகர்களோடே முடித்த நாடகம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் பாதியில் யாராவது போய்விட்டார்கள். ஒரே ஒரு நாடகத்தையாவது தொடங்கிய ஆட்களோடு முடித்துவிட்டுப் புறப்படலாம் என்றேன்.

அவள் உறையைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். "எழுதிக் குடுங்க" என்றாள்.

அந்த உறையின் பின்புறத்திலேயே எழுதினேன்: 'முதல் ஒத்திகையில் இருந்த நடிகர்கள் அனைவரும், ஒருவரும் குறையாமல், ஒரு நாடகத்தை இறுதி வரி வரை பார்வையாளர் முன்னிலையில் நிகழ்த்தி முடிப்பின், மறுமாதமே புறப்படுவோம்.' கையெழுத்திட்டேன். அவள் அதை ஒலிநாடாப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்த காரணத்தால் எங்களால் மட்டும் வெளியேற முடியாமல் போனது இவ்வாறுதான்.

நான்கு நாடகங்கள் நிபந்தனையில் தோற்றன. ஐந்தாவதற்கு ஐந்தே நடிகர்களைத் தேர்ந்தேன். 'முழுச் சபை' என்று பெயர். குடிமக்கள் அனைவரும் வந்து சேரும்வரை சபையைத் தொடங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஓர் அரசன். அமைச்சர் தலைகளை எண்ணி, "ஒருவர் குறைகிறார், அரசே" என்று காட்சிக்குக் காட்சி அறிவிப்பார். தேடப் போனவர் திரும்புவதற்குள் இன்னொருவர் போயிருப்பார். முடிவில் எல்லோரும் வந்துவிட, அரசனுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. "எல்லோரும் வந்தாயிற்றா?" என்பான். "வந்தாயிற்று, அரசே" என்பார் அமைச்சர். "அப்படியானால் சபை கலையலாம்" என்பது இறுதி வரி.

அரசன் வெங்கடசாமி, ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டுபவர். அமைச்சர் தையற்காரர் பொன்னுசாமி. கொலையாளி அர்ச்சுனன், அதே பழைய கோடரி வசனத்துடன். குடிமக்கள், தவுவாவிலிருந்து பேருந்தில் வரும் அண்ணன் தம்பி இருவர். ஐவரும் முருகன் கோயிலில் வைத்து, நாடகம் முடியும்வரை நாட்டைவிட்டுப் போவதில்லை என்று எனக்கு வாக்களித்தார்கள்.

இறுதி வரியைக் கோமதி பதிவு செய்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. "அப்படியானால்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நாக்கைச் சொடுக்கி, "சபை கலையலாம்" என்று முடித்தாள். இடையில் பத்து விநாடி. அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்ய அவளுக்கு நேரம் இல்லை. வெங்கடசாமி "அப்படியானால்" என்று சொல்லி, பத்து விநாடி அசையாமல் நின்று, மெல்ல நாக்கைச் சொடுக்கிவிட்டு, "சபை கலையலாம்" என்பார். அந்த மௌனத்தில் அரசனின் தனிமை முழுவதும் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கருத்துத் தெரிவித்தார். நான் மறுக்கவில்லை.

பிரதியை அவர் இரண்டு முறை படித்தார். ஒரு சிவப்புக் கோடும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அதைக் கண்டதும் கோமதி மாடியிலிருந்து பெட்டிகளை இறக்கித் துடைக்கத் தொடங்கினாள்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் நாட்டில் அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பு நடந்திருந்தது. நாடகத்துக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல், பள்ளிக் கூடத்தில் அனுமதி கிடைத்தது. அன்று காலை ஏழு மணிக்கு வெங்கடசாமி எங்கள் வாசலில் வந்து நின்றார். புதிய சட்டை, புதிய காலணி. வாயில் இரண்டு புதிய பற்கள்.

அவர் இந்தியில் சொன்னதன் சுருக்கம் இது. அவருக்கு விசா கிடைத்துவிட்டது. கோமதியிடம் படிவம் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, சுவாவில் மைத்துனரைக் கொண்டு நிரப்பினார். இன்ஸ்பெக்டர் வசனத்தை வெட்டுவார் என்று அஞ்சிச் சான்றிதழையும் சுவாவிலேயே வாங்கினார். வாக்கைக் காப்பாற்றவே ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்தார். விமானத்தை ஒரு நாள் முன்னால் மாற்றிவிட்டார்கள். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நாந்தியில் விமானம் ஏற வேண்டும். "மாஃப் கரோ, மாஸ்டர்ஜி" என்று கைகூப்பினார்.

நான் அந்தப் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கோமதி வந்தாள்.

"உன்னை வழியனுப்ப எத்தனை பேர் வர்றாங்க, வெங்கட்?"

இரண்டு பேருந்து என்றார்.

"அப்போ அங்கேயே போட்டுடலாமே" என்றாள். என் பக்கம் திரும்பி, "பார்வையாளர் முன்னிலையிலேன்னுதானே எழுதியிருக்கீங்க. எந்த இடம்னு எழுதலையே."

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். அனுமதி பள்ளிக் கூடத்துக்கு மட்டுமே என்று அவர் முதலில் சொன்னார். பின்னர் ஒழுங்குமுறைப் புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தார். பயணிகளை வழியனுப்பக் கூடுவோர் விமான நிலையத்தில் எத்தனை பேரும் இருக்கலாம்; அவ்வாறு வழியனுப்பும்போது உரத்த குரலில் பேசக்கூடாது என்று எங்கும் இல்லை. அவர் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார்.

நாந்தி விமான நிலையத்தின் முகப்பில், புறப்பாட்டு வாயிலின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே, பத்தரை மணிக்கு 'முழுச் சபை' தொடங்கியது. பெட்டிகளை அடுக்கி அரியணை அமைத்தோம். வெங்கடசாமி பயணச் சட்டையின்மேல் சரிகை அங்கியும் தலையில் அட்டைக் கிரீடமும் அணிந்திருந்தார், பாஸ்போர்ட் இடுப்பில். ஒரு கையில் டேப் ரெக்கார்டருடன் கோமதி தூணருகே நின்றாள், வசனம் எடுத்துக் கொடுக்க. இரண்டு பேருந்து உறவினர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுதியது நகைச்சுவை நாடகம். அவர்களோ தங்கள் வெங்கட்டைப் பிரிய வந்தவர்கள். ஒவ்வொரு நகைச்சுவைக்கும் விம்மி அழுதார்கள். "ஒருவர் குறைகிறார், அரசே" என்று பொன்னுசாமி சொன்னபோது அழுகுரல் ஓங்கி அடுத்த மூன்று வசனங்கள் கேட்கவில்லை. அர்ச்சுனன் கோடரியை உயர்த்தித் தலை உருளும் என்று பரிவோடு சொல்ல, ஒரு முதியவள் எழுந்து போய் அவன் கன்னத்தைத் தடவினாள். இதற்கிடையே ஒரு விமானம் வந்திறங்கியது. வெளியே வந்த சுற்றுலாப் பயணிகள் தங்களுக்கான வரவேற்பு இது என்று எண்ணி, வரிசையாக வந்து அரசனின் கையைக் குலுக்கினார்கள். அவர் அரியணையில் அமர்ந்தபடியே குலுக்கினார். பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஓரத்தில் நின்று, பிரதியில் விரல் வைத்து வரிவரியாகத் தொடர்ந்தார்.

கடைசிக் காட்சியில் இறுதி அழைப்பு ஒலித்தது. வெங்கடசாமியின் மனைவி பிள்ளைகளோடு கதவருகில் போய் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் பின்னோக்கி நடந்தபடியே எங்களைப் பார்த்து, "எல்லோரும் வந்தாயிற்றா?" என்றார்.

"வந்தாயிற்று, அரசே" என்றார் பொன்னுசாமி.

"அப்படியானால்" என்றார் அரசர். என்றவர் நின்றார். பால் பொங்கிய பத்து விநாடி. எத்தனையோ சொல்லியும் அதை ஒரு விநாடிகூடக் குறைக்காதவர் அன்றும் குறைக்கவில்லை. ஆறாவது விநாடியிலோ ஏழாவதிலோ அவர் மனைவி அங்கியைப் பற்றி உள்ளே இழுத்தாள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. கிரீடத்தின் மேற்பகுதி சற்று நேரம் தெரிந்தது.

அழுகை ஓய்ந்தபின் இன்ஸ்பெக்டர் பேனாவுடன் என்னிடம் வந்தார். "முடிந்ததா, மாஸ்டர்?"

"சொல்லிட்டான்" என்றாள் கோமதி. "உதடு அசைஞ்சுது. நான் பார்த்தேன்."

"கேட்கவில்லை" என்றேன். "கேளாத வசனம் நிகழ்த்தப்பட்ட வசனம் ஆகாது. இறுதி வரி வரை என்றுதான் எழுதியிருக்கிறேன்." பிறகு இன்ஸ்பெக்டரிடம், முடியவில்லை என்று தெரிவித்தேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். கோமதி டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள். "சரி" என்றாள். டேப் ரெக்கார்டரின் வயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும், துடைத்த பெட்டிகளை மாடிக்கு ஏற்றினாள்.

என் தொழில்வாழ்வில் நான் எடுத்த முடிவுகளுள் தருக்கத்தில் பிழையில்லாதது அது ஒன்றே. அதைக் குறித்து எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அடுத்த இரண்டாண்டுகளில் மற்ற நால்வரும் போனார்கள். குழுவில் கோமதியும் நானும் எஞ்சினோம். மேலும் ஒரு கவிழ்ப்பு நடந்தது. நான் எழுதினேன், அவள் எல்லாக் குரல்களையும் பதிவு செய்தாள், கொடுப்பதற்கு ஆள் இல்லை. நாங்கள் இருவரே நடித்து நிபந்தனையை நிறைவேற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்நாளில் அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அல்லது எனக்கு மட்டும் தோன்றவில்லை. பிரிஸ்பேனைப் பற்றி அவள் பிறகு பேசவே இல்லை.

சென்ற மார்ச்சில், பள்ளிப் பேருந்து போன சற்று நேரத்தில், அவள் இறந்தாள்.

ஐந்தாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் ஜோனே வந்தார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் வழக்கப்படி ஒரு பாயும் பானமாகக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டும் கொண்டுவந்து என் முன் வைத்து, முறைப்படி சொல்ல வேண்டியதைத் தம் மொழியில் சொல்லி, அந்தப் பாயிலேயே அமர்ந்தார். தொப்பியை மல்லாக்க வைத்தார். மீரா வந்திருந்தாள்; அழைப்புகள் வந்தபடி இருந்ததால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் இட்டு நடுவில் வைத்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள்.

முதலில் வான்கூவரிலிருந்து அர்ச்சுனன். இந்தியில் தொடங்கி அழுதான். டீச்சருக்காகத் தமிழில் ஏதாவது சொல்ல விரும்புவதாகவும், தனக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்றும் சொன்னான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உன் தலை இந்த மண்ணில் உருளும், நினைவிருக்கட்டும்" என்றான்.

அந்தக் குரலின் ஏற்றமும் இறக்கமும் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்பதுபோல இருந்தது. நன்றி என்றேன்.

அவர்களுக்குள் முன்பே பேசிவைத்திருந்தார்கள்போலும். அடுத்து, தவுவா அண்ணன் தம்பி ஆக்லாந்திலிருந்து பேசினார்கள். "அரசே, வரும் வழியில் ஆறு பெருகிவிட்டது" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பின்னர் சிட்னியிலிருந்து பொன்னுசாமி.

"ஒருவர் குறைகிறார், அரசே."

இன்ஸ்பெக்டர் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெங்கடசாமி கடைசியாக வந்தார். முதலில் இந்தியில், அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வரியை முழுவதும் சொல்லி முடித்ததாகவும், டீச்சர் அதைப் பார்த்துத் தலையசைத்ததாகவும், மாஸ்டருக்குக் கேட்கவில்லை என்று பிறகு தெரியவந்ததாகவும், இத்தனை ஆண்டுகளாக அது தம் மனத்தில் கிடப்பதாகவும் சொன்னார். இப்போது மறுபடி சொல்லட்டுமா என்று கேட்டார். என் விடைக்குக் காத்திருக்கவில்லை.

"எல்லோரும் வந்தாயிற்றா?"

அவர் காத்திருந்தார். அமைச்சரின் வசனம் வர வேண்டும். எனக்கு அது நினைவில் இருந்தது; நான் எழுதியது. வாய் வரவில்லை. கரும்பு வெட்டும் காலம் அல்லாததால் வெளியே ரயில்கூட இல்லை. அப்போது பாயிலிருந்து, எத்தனையோ ஒத்திகைகளின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்ட தமிழில், தாழ்ந்த குரலில், இன்ஸ்பெக்டர் எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

"வந்தாயிற்று, அரசே."

"வந்தாயிற்று, அரசே" என்றேன்.

"அப்படியானால்" என்றார் வெங்கடசாமி.

பத்து விநாடி. நான் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய நாக்குச் சொடுக்கு கேட்டது.

"சபை கலையலாம்."

தொலைபேசியை இன்ஸ்பெக்டர்தான் அணைத்தார். சற்றுப் பொறுத்து, "முடிந்ததா, மாஸ்டர்?" என்று கேட்டார்.

"முடிந்தது."

அவர் சட்டைப் பையைத் தடவினார். குறிப்பேடு இல்லை, ஒரு தாள் வேண்டும் என்றார். நான் எழுந்து ஒலிநாடாப் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். அதன் கீழே, கூட்டம் அமைதியாகக் கலைந்தது என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

என் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. அவர் பத்து நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை.